கூலியே எழுதிய கணக்கு: தோதாராம் சனாட்யாவின் பிஜி நூல் பற்றி

ஒப்பந்தக் கூலிகளின் உரிமைக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மணிலால் டாக்டரையோ தீனபந்து ஆண்ட்ரூஸையோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இருவருமே பெரியவர்கள், சந்தேகமில்லை. மணிலால் 1907 முதல் மொரீஷியஸிலும் 1912 முதல் பிஜியிலும் கூலிகளுக்காக நீதிமன்றம் ஏறினார். 1920-இல் பிஜியை விட்டே துரத்தப்பட்டார். போர்ட் லூயி நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆண்ட்ரூஸ் பெயரைச் சொன்னால் நம் கல்கத்தாவில் தெரியாதவர் இல்லை.

ஆனால் இவர்கள் எல்லாரும் கூலிக்காகப் பேசியவர்கள். கூலியாகவே போய், ஐந்து வருஷம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து, திரும்பி வந்து தானே பேசியவர் ஒருவர் உண்டு. அவர்தான் தோதாராம் சனாட்யா. 1914-இல் ஹிந்தியில் வந்த அவருடைய ‘பிஜித் தீவில் என் இருபத்தொரு வருஷங்கள்’ என்ற நூலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாலை போடுவதற்காக அல்ல, படித்துப் பார்ப்பதற்காக. எழுதியவனுக்குச் செய்யும் மரியாதை அவன் எழுதியதைக் குறை நிறையோடு படிப்பதுதான் என்பது என் கட்சி.

நான் கண்ணாடி வளையல் வியாபாரி. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். நாற்பது வருஷமாக பிரோசாபாத்தில் கொள்முதல் செய்து பராபஜாரில் விற்கிறவன். பிரோசாபாத்தில் ஜைனர்கள் நிறைய. “மதராஸியா? அதுவும் ஜைனரா?” என்று முதல் தடவை கேட்காத சேட்டு ஒருவர்கூட இல்லை. அப்படிக் கேட்ட ஒருவர்தான் பிற்பாடு நண்பராகி, “உங்கள் ஊர்க்காரர்களும் போன இடம்தானே பிஜி, எங்கள் ஊர்க்காரர் எழுதியது, படியுங்கள்” என்று இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். ரயிலில் துண்ட்லா தாண்டினால் ஹிரன்காவ் என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். தோதாராம் பிறந்த ஊர் அதுதான். வருஷம் 1876.

தகப்பனார் சிறு வயதிலேயே போய்விட்டார். குடும்பத்தில் கடன். 1893-இல் பதினேழு வயதுப் பையன் வேலை தேடிப் புறப்பட்டு அலகாபாத் வருகிறான். அங்கே ஓர் ஆள்பிடி தரகன், ஹிந்தியில் அர்காட்டி என்பார்கள், நயமாகப் பேசி, நல்ல வேலை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அணா என்று சொல்லி அழைத்துப் போகிறான். மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்துவதற்கு முன் என்ன கேட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லு என்று பாடம் நடக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களின் பதிவு அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு கல்கத்தா டிப்போ, கப்பல், பிஜித் தீவு, நௌஸோரிப் பக்கத்துக் கரும்புத் தோட்டம். கப்பலில் கொடுத்த ‘நாய் பிஸ்கட்டு’ முதல் எல்லாமே எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தக் கப்பல்கள் கிளம்பியது நம் ஹூக்ளிக் கரையிலிருந்து. கிடர்ப்பூர், கார்டன் ரீச் பக்கம் டிப்போக்கள் இருந்தன. 2011-இல் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். 2015-இல் சூரினாம் காட் என்ற படித்துறையில், மூட்டையோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக ‘மாய் பாப்’ சிலை திறந்தார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நல்ல காரியம்தான். ஆனால் சிலைக்குப் பேர் கிடையாது, வாயும் கிடையாது. தோதாராமின் புத்தகத்துக்கு இரண்டும் உண்டு.

அந்தப் புத்தகத்தை நான் வாசித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இலக்கிய விமரிசகர்கள் நடையைப் பார்ப்பார்கள். நான் பேரேட்டுக்காரன்; எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒப்பந்தம். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல்தான் கூலிகள் வாயில் ‘கிர்மிட்’ ஆகி, அவர்களே ‘கிர்மிட்டியா’ ஆனார்கள். ஒப்பந்தம் என்னவோ பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஐந்து வருஷம் வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு அணா. பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முதல் ஆறு மாதம் கம்பெனியே ரேஷன் கொடுக்கும், அதற்கு நாளொன்றுக்கு நாலு பென்ஸ் பிடித்துக்கொள்ளும். ஐந்து வருஷம் முடிந்தால் சொந்தச் செலவில் ஊருக்குப் போகலாம். பத்து வருஷம் இருந்தால் கப்பல் இலவசம்.

அர்காட்டி பொய் சொன்னானா? பன்னிரண்டு அணா என்றது பொய்யில்லை! காகிதத்திலேயே இருக்கிறது. இதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் உழைப்புக்கு அல்ல, அளந்து விட்ட ஒரு ‘டாஸ்க்’குக்கு. வரப்பை அளந்து விடுகிறவன் ஓவர்சியர். அவன் அளந்ததை முடிக்காவிட்டால் அன்றைக்குக் கூலி பிடித்தம், மேலே வழக்கும் வரலாம். வாரம் முழுக்க ஒரு டாஸ்க்கும் தவறாமல் முடித்தாலே ஐந்தரை ஷில்லிங்தான். ரேஷன் பிடித்தம் வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் போனால் மூன்று ஷில்லிங் இரண்டு பென்ஸ் மிச்சம். அந்த ரேஷனும் வாரக் கடைசி வரை வராது, நாலு நாளில் தீர்ந்துவிடும் என்று எழுதுகிறார் தோதாராம். பிஜியில் விலைவாசி என்ன, இந்தியாவில் என்ன என்றும் சொல்கிறார். அன்றைய தேசபக்தி எழுத்துகளில் கண்ணீர் நிறைய உண்டு, கணக்கு குறைவு. இந்த மனுஷர் கணக்கு எழுதுகிறார். என்னைப் பொறுத்தவரை நூலின் முதல் பெருமை இதுதான்.

இன்னொன்று. எங்கள் வியாபாரத்தில் சரக்கு அனுப்பாமல் ஒருத்தன் ஏமாற்றினால் சிவில் வழக்குப் போடுவோம். ஜெயிலில் தள்ள முடியாது. கிர்மிட்டில் கூலி வாக்குத் தவறினால் அது கிரிமினல் குற்றம். அபராதம், சிறை, சிறையில் இருந்த நாட்களையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து நீட்டிப்பு. முதலாளி வாக்குத் தவறினால்? கூலி புகார் கொடுத்து, சாட்சி கொண்டுவந்து, அதே ஓவர்சியரின் கீழ் மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டு உள்ள கதவு மாதிரி. இதை அடிமைத்தனம் என்று கோகலே 1912-இல் சட்டசபையில் பேசித் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. தோதாராம் வாதமெல்லாம் செய்யவில்லை. வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

எங்கள் சமண மரபில் இல்லறத்தானுக்குச் சொன்ன கொல்லாமை விரதத்துக்கு ஐந்து மீறல்கள் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். உயிரைக் கட்டி வைப்பது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, சோறும் தண்ணீரும் தடுப்பது. கத்தியால் கொன்றால்தான் கொலை என்று நினைக்கிற வியாபாரிகளுக்காகவே எங்கள் பெரியவர்கள் இதைப் பிரித்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றும். சின்ன வயதில் பாடம் கேட்டபோது ஏதோ வண்டி மாட்டுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிஜி நூலை வாசிக்க வாசிக்க அந்தப் பட்டியல் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றது. ஐந்து வருஷக் கட்டு, ஓவர்சியர் அடி, டாஸ்க் என்னும் பாரம், தீர்ந்துபோகும் ரேஷன். உறுப்பறுப்பு ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள். இதை நடத்திய முதலாளிகளில் யாரும் தங்களைக் கொலைகாரர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானது, அப்புறம் என்ன என்றுதான் இருந்திருப்பார்கள்.

இனி நூலின் எழுத்து பற்றி. அட்டையில் தோதாராம் பெயர் இருந்தாலும், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பனாரசிதாஸ் சதுர்வேதி. அவரும் பிரோசாபாத்காரர். அப்போது இருபத்திரண்டு வயதுகூட நிறையாத வாலிபர். பிற்காலத்தில் இதே கல்கத்தாவில் ‘விஷால் பாரத்’ பத்திரிகை நடத்தியவர், ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தவர். 1914-இல் தோதாராம் ஊர் திரும்பியதும் சந்தித்தார்கள். அந்த வருஷமே புத்தகம். கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம். அதனால் புத்தகம் ஒரு மனுப் போல நடக்கிறது. பேர், இடம், தேதி. குற்றம், சாட்சி, தீர்ப்பு.

குந்தியின் வழக்கு இதில்தான் இருக்கிறது. 1913 ஏப்ரல் 10. கோரக்பூர்ப் பக்கத்திலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். ரேவா பகுதியில் ஒரு வாழைத் தோட்டத்தில் யாருமில்லாத மூலையில் அவளைத் தனியாக வேலைக்கு விடுகிறார்கள். ஓவர்சியர் வந்து கையைப் பிடிக்க, உதறிவிட்டு ஓடி ஆற்றில் குதித்துவிடுகிறாள். படகில் இருந்த ஒரு பையன் கரை சேர்க்கிறான். இவள் சொன்னது கடிதமாகக் கல்கத்தா ‘பாரத் மித்ர’ பத்திரிகையில் வந்தது. இந்திய அரசாங்கம் விசாரணை கேட்டது. பிஜி அதிகாரிகள் எவ்வளவோ மிரட்டியும் குந்தி சொன்னதை மாற்றவில்லை. படிப்பில்லாத ஒரு பெண்ணின் வாக்குமூலம் இரண்டு அரசாங்கங்களை அசைத்தது என்றால் சாதாரணமா?

தமிழில் இந்தப் பெண்களின் துயரைப் பாடியவர் பாரதி. ‘கரும்புத் தோட்டத்திலே’ நம் சங்கத்தில் எத்தனை முறை பாடியிருப்போம். கேட்டால் தொண்டை அடைக்கும். ஆனாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: அந்தப் பாட்டில் கண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை. எந்தத் தோட்டம், எந்தப் பெண், அவள் திருப்பி என்ன செய்தாள் என்பது பாட்டின் வேலையில்லை. அதை எழுத வேண்டியது உரைநடை. காந்தியின் சுயசரிதையில் வரும் பாலசுந்தரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1894-இல் டர்பனில், முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்ற தமிழர். நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வோம். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவும் வக்கீல் சொன்னது. பாலசுந்தரம் தன் வாயால் சொன்னது ஒரு பக்கம்கூடக் கையில் இல்லை. தோதாராமிடம் நிலைமை தலைகீழ். பிஜிக்கு வக்கீல் வேண்டும் என்று காந்திக்குக் கடிதம் எழுதியதே இவர்தான். அந்தக் கடிதம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் மணிலால் பிஜிக்கு வந்தார். ஆக, வக்கீலைக் கூட்டி வந்தவரே கட்சிக்காரர்!

குறைகளும் உண்டு, மறைக்கப் போவதில்லை.

முதலாவது, போனவர்கள் எல்லாரும் ஏமாந்த அப்பாவிகள் என்ற தொனி. தோதாராம் ஏமாந்தது உண்மை. ஆனால் பிஜியில் கிர்மிட்டியாவின் பேரனாகப் பிறந்த சரித்திர ஆசிரியர் பிரிஜ் லால், வட இந்தியாவிலிருந்து போன 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்து 1983-இல் எழுதினார். பலர் பதிவு செய்யுமுன்பே சொந்த ஜில்லாவை விட்டுப் பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள். அர்காட்டி இல்லாவிட்டாலும் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். பிழைக்கப் போனவன் முட்டாள் இல்லை. அவன் போட்ட கணக்கில் தெரியாத செலவுகள் நிறைய இருந்தன, அவ்வளவுதான். ஊரை விட்டு வந்த நமக்கு இந்த வித்தியாசம் புரிய வேண்டும். என் தகப்பனார் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியதை யாராவது ‘ஏமாந்து போனார்’ என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது.

இரண்டாவது, பெண்கள். குந்தியின் தைரியத்தை மெச்சினாலும், அந்தக் காலத்து எழுத்து முழுவதிலும் பெண்ணுக்கு நேர்ந்தது தேசத்தின் மானப் பிரச்சினையாகத்தான் வருகிறது. அவள் ஒன்பது பென்ஸுக்குச் செய்த வேலை, குழந்தையை வரப்பில் போட்டுவிட்டுக் களை வெட்டியது இவையெல்லாம் ஓரமாகப் போய்விடுகின்றன. பிரிஜ் லாலே குந்தியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கேள்வியை எழுப்பினார். மானம் போயிற்று என்று கொதித்தவர்களில் பலர், கூலி குறைவு என்று கொதித்ததில்லை.

மூன்றாவது நம் வீட்டுச் சங்கதி. 1903 முதல் சென்னையிலிருந்தும் பிஜிக்குக் கப்பல் போயிற்று. 1879 முதல் 1916 வரை மொத்தம் போன 60,000-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் சென்னைத் துறைமுகத்து ஆட்கள், அதிலும் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் கணிசம். என் வந்தவாசி அன்றைக்கு அந்த ஜில்லாவில்தான். ஹிந்தி தெரியாமல், ஓவர்சியர் பேச்சும் புரியாமல், சக கூலியின் பேச்சும் புரியாமல் இரட்டைத் தனிமையில் கிடந்தவர்கள் இவர்கள். தற்கொலை அவர்களிடையே அதிகம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஹிந்திக்காரர் எழுதிய நூல் ஹிந்திக்காரர் வழியாகத்தான் பிஜியைப் பார்க்கிறது. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து சொல்ல, பக்கத்தில் ஒரு தமிழ்ச் சதுர்வேதி உட்கார்ந்து எழுதவில்லையே என்ற தாங்கல்தான். நம்மிடம் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இருக்கிறது, பெரிய எழுத்து. ஆனால் அது இலங்கைத் தேயிலைத் தோட்டம், எழுதியவர் கொழுந்து பறித்தவரில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், 1914 புத்தகத்தில் இல்லாத பகுதி. தோதாராமின் இன்னொரு எழுத்து உண்டு, ‘பேய் லயத்தின் கதை’ என்று தமிழில் சொல்லலாம். ஹிந்தியில் ‘பூத் லேன்’. கூலிகளின் வரிசை வீடுகளுக்கு நம்மவர்கள் ‘லயம்’ என்றுதானே சொல்கிறோம், அதே ‘லைன்’தான். பிற்பாடு தனியாக வந்த இந்தக் கதையை, 1991-இல் சுவா நகரத்துப் பிஜி அருங்காட்சியகம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் பெரிய நூலோடு சேர்த்தே போட்டார்கள்.

ஆட்கள் செத்துப்போனதால் பேய் இருக்கிறது என்று யாரும் தங்காத லயத்தில் பையனுக்கு இடம் கொடுக்கிறார்கள். ரேஷன் தீர்ந்துபோகிறது. பசி. அம்மா ஞாபகம். உயிரை விட்டுவிடலாம் என்று துணிகிற இரவில் அந்தத் தீவின் பூர்வகுடிகள் சிலர் வந்து சேர்கிறார்கள், அவர்கள் கையால் உணவு கிடைக்கிறது. ஆசாரமான பிராமணப் பையன், கடல் தாண்டி வந்து, யார் என்று தெரியாதவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு உயிர் பிழைக்கிறான். இதில் குற்றவாளி பெயரோ தேதியோ வழக்கு எண்ணோ கிடையாது. ஆனால் மனு போல நடந்த அந்த மனிதர் இங்கேதான் மூச்சு விடுகிறார். இருநூறு வழக்குகள் சொல்லாததை இந்தச் சில பக்கங்கள் சொல்கின்றன.

சதுர்வேதி இந்த மாதிரிப் பகுதிகளை ஏன் விட்டார்? பிஜியில் நடந்த பூஜை புனஸ்காரம், சாமியார் சண்டை, கல்யாணம் இவை பற்றி தோதாராம் சொன்னவற்றையும் அவர் ஒதுக்கி வைத்தார். 1990-களில்தான் பிரிஜ் லாலும் யோகேந்திர யாதவும் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் ஊகிக்க முடியாததல்ல. கூலி முறையை ஒழிக்கும் போராட்டத்துக்கு இவை உதவாது, கவனத்தைக் கலைக்கும். அன்றைய கணக்கில் அது சரிதான். நூல் வந்த மறுவருஷம் ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் பிஜிக்குப் போனார்கள். 1916 மார்ச்சில் மாளவியா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர, அரசாங்கம் ஏற்றது. 1917-இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1-ஆம் தேதி பிஜியில் மிச்சமிருந்த கிர்மிட்டுகளும் ரத்தாயின. புத்தகம் தன் வேலையை முடித்துவிட்டது.

முடித்துவிட்டதால்தான் இன்றைக்கு நாம் வேறு மாதிரிப் படிக்கலாம் என்கிறேன். மனுவுக்கு அடிபட்டவன் வேண்டும், அடித்தவன் வேண்டும். நடுவில் வந்து சோறு கொடுத்த பிஜியர் மனுவில் எங்கே நிற்பார்? அவருக்கு இடமில்லை. அவரை விட்டுவிட்டதால், பிஜி என்றாலே வெள்ளைக்காரனும் இந்தியக் கூலியும் மட்டும் உள்ள தீவு என்ற எண்ணம் நம் படிப்பில் ஊறிப்போயிற்று. 1987-இல் அங்கே ராணுவப் புரட்சி நடந்து இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் வெளியேறியபோது நம்மவர்கள் பலருக்கு ஒன்றும் புரியவில்லை; ‘நாம் உழைத்த மண்’ என்றார்கள். அந்த மண்ணுக்கு முன்னமே சொந்தக்காரர்கள் இருந்தார்கள், ஒரு ராத்திரி அவர்கள் நம் ஆளுக்குச் சோறு போட்டார்கள் என்பதை அந்த ஆளே எழுதி வைத்திருந்தார். நாம்தான் படிக்கவில்லை.

தோதாராம் பிற்பாடு மனைவி கங்காதேவியோடு சபர்மதி ஆசிரமம் போய்ச் சேர்ந்து அங்கே விவசாயத்தைப் பார்த்துக்கொண்டார். 1947-இல் காலமானார். கரும்பு வெட்டிய கை கடைசி வரை மண்வெட்டியை விடவில்லை. காந்தி அவரைப் பற்றி இரங்கல் எழுதினார்.

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது; ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. இதை ஒரு குறையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு புத்தகத்துக்காவது அது உதவட்டும். பெரியவர்களுக்கு அவர்கள் வாசித்து அர்த்தம் சொல்லட்டும். பேய் லயத்தின் கதையை முதலில் எடுங்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். பிறகு 1914 நூலில் ஒப்பந்தம் பற்றிய பகுதி, அதன் பிறகு குந்தி.

ஒப்பந்தப் பகுதி வரும்போது பக்கத்தில் ஒரு பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு ஷில்லிங்கையும் பென்ஸையும் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங்.